படலைக்கு வெளியே ஒரு சட்டித் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதியோரங்களில், இடிந்தும் பற்றை மூடியும் கிடந்தாலும், சுமைதாங்கிக் கல், ஆவுரஞ்சிக் கல், மாடுகள் நீர் குடிக்கும் தொட்டி ஆகிய மூன்றையும் இன்றும் சில இடங்களில் அருகருகே காணலாம். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள், இன்னொருவரின் கைத்துணையை எதிர்பாராமல் தாமாகவே பாரத்தை இறக்கி இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க உயரத்தில் சுமைதாங்கி நாட்டப்பட்டிருக்கும். கர்ப்பிணியாக இறந்த பெண்களின் நினைவாக அதை நாட்டும் வழக்கம் நம்மிடம் இருந்தது. ஆவுரஞ்சிக் கல், உண்ணியும் தினவும் வருத்தும்போது கழுத்தையும் விலாவையும் சொறிந்துகொள்ளக் கையில்லாத மாட்டுக்காக நாட்டப்பட்டது. பருத்தித்துறையில், வீதிக்கு மேலே கூரையிட்டு இருபுறமும் திண்ணை வைத்துக் கட்டிய தெருமூடிமடம் இன்னமும் நிற்கிறது. அவ்வழியே போகிறவர் எவராயினும் அதன் நிழலுக்குள் புகுந்துதான் அப்பால் போக வேண்டும்.

இவற்றைக் கட்டியவர்கள், பெறுகிறவரின் உடலை அளந்து கட்டினார்கள். சுமைதாங்கி ஒரு சாண் உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் அது வெறும் கல்லாகவே இருந்திருக்கும். இரக்கப்படுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால், யாருக்காக இரங்குகிறோமோ அவருடைய தேவை என்ன, அவருக்கு எது எட்டும், எது அவரைக் கூச வைக்கும் என்று அறிந்து செய்கிறவர்கள் குறைவு என்பதே, கோண்டாவிலில் பிறந்து வளர்ந்து, ஆசிரியையாக வேலை செய்து, நாயும் பூனையும் மாடும் உள்ள வீட்டில் வாழ்ந்துவரும் எனக்குத் தோன்றியிருக்கும் எண்ணம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டிலும் ஒழுங்கையிலும் (சிறு தெருவிலும்) நாங்கள் செய்து பார்த்துப் பயன் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் எங்களுடையது. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளில் தேங்கி நிற்பதை வைத்துத்தான் குடிக்கிறோம், பயிரும் செய்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறபோது குளங்களும் கேணிகளும் வற்றிவிடும். கிணற்றில் தண்ணீர் இருந்தாலும் அது காகத்துக்கோ அணிலுக்கோ எட்டாது. முன்பு துலாவால் இறைத்த காலத்தில் வாய்க்கால் வழியே ஓடும் தண்ணீரைப் பறவைகள் குடித்தன. இப்போது மோட்டார் போட்டுத் தாங்கியில் ஏற்றிக் குழாயால் பாய்ச்சுகிறோம். வளவைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதிலும் எழுந்துவிட்டது. வாயில்லா உயிர்களுக்குத் தண்ணீர் கிடைத்துவந்த வழிகளை நாங்களே ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறோம். அதனால் சட்டியில் தண்ணீர் வைப்பதை ஒரு தர்மமாக அல்லாமல், நாங்கள் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதாகவே நான் கருதுகிறேன்.

சட்டி வைப்பதிலும் அறிய வேண்டியவை உண்டு. வாயகன்ற, ஆழம் குறைந்த மண்சட்டியே நல்லது. தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழம் இருந்தால் போதும். நடுவில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டுமாறு ஒரு கல்லை வைத்தால், தேனீயும் சிறு குருவியும் அதில் இறங்கி நின்று குடிக்கும்; கல் இல்லாத ஆழமான வாளிகளில் அணில் விழுந்து இறந்து கிடப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். பூனை பதுங்க இடமில்லாத வெளியில், ஆனால் நிழல் விழுகிற மரக்கொப்பிலோ மதில் மேலோ வைக்க வேண்டும். எங்கள் வளவில் வேப்பமரத்தின் கீழ்க் கவரில் வைத்த சட்டிக்குக் காகமும் மைனாவும் வருகின்றன. புலுனிகள் கூட்டமாக வந்து குளித்துவிட்டே போகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமானது நுளம்பு. டெங்கு பரப்பும் நுளம்பு தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் உட்சுவரில் ஒட்டவைக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்து ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கும். ஆகவே பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினால் மட்டும் போதாது. பொச்சுமட்டைத் தும்பால் உட்சுவரைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். தினமும் கழுவ இயலாதவர்கள் சட்டி வைக்காமல் இருப்பதே அயலவர்களுக்குச் செய்யும் நன்மை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் டெங்கு கூடுவதை அறிந்தும், குருவிக்கு இரங்கிக் குழந்தையைக் காய்ச்சலில் கிடத்தலாகாது. மாரியில் எங்கும் தண்ணீர் நிற்கும்போது நாங்கள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம்.

நாய்க்கும் மாட்டுக்கும் படலைக்கு (வெளி வாசற்கதவுக்கு) அப்பால், வாகனம் முட்டாத ஓரத்தில், தாழ்ந்த சீமெந்துத் தொட்டி ஒன்றைப் பதித்திருக்கிறோம். அடியில் துவாரமிட்டுக் கட்டையால் அடைத்திருப்பதால், கட்டையைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றித் தேய்ப்பது சுலபம்.

மனிதருக்குத் தண்ணீர் கொடுப்பது பற்றி எழுதும்போது யாழ்ப்பாணத்தில் ஒன்றை மறைத்து எழுத முடியாது. தேநீர்க் கடையில், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் சிரட்டையிலும் தனிப் பேணியிலும் தேநீர் ஊற்றிக் கொடுத்ததும், கிணற்றடியில் அவர்களைத் தாமாக அள்ள விடாமல் யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்திருக்க வைத்ததும் இதே மண்ணில்தான். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பின்னும், 1960களில் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்கு மக்கள் போராடவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே நுழையும் உரிமை கேட்டு நடந்த போராட்டம் அதன் ஒரு பகுதி. மாட்டுக்குத் தொட்டி கட்டிய ஊர், மனிதரைக் கிணற்றுக் கட்டைத் தொடவிடவில்லை. இந்த வரலாற்றை அறிந்த ஒருவருக்கு, குப்பை எடுக்க வருகிற பிரதேச சபைத் தொழிலாளிக்கு எந்தக் குவளையில் தண்ணீர் கொடுக்கிறோம் என்பது சிறிய விடயமாகத் தோன்றாது. வீட்டார் குடிக்கும் அதே குவளையில், விறாந்தைக் கதிரையில் இருக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் போன பின் குவளையைத் தனியாக எடுத்துவைக்கும் பழக்கம் இன்னமும் உள்ள வீடுகள் இருக்கின்றன. அங்கே கொடுக்கப்படுகிற தண்ணீர் தாகத்தைத் தீர்க்கலாம். அதை இரக்கம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கடிதம் கொண்டு வருகிறவர், மின்மானி வாசிக்க வருகிறவர், வேலி அடைக்க வருகிறவர் ஆகியோருக்குக் குளிர்பானத்தைவிடச் சிறிது உப்பும் தேசிக்காயும் சேர்த்த தண்ணீரோ மோரோ வெயில் காலத்தில் நல்லது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் தண்ணீர்ப்பந்தலில் வரிசையாக நின்று ஊற்றுகிற எங்கள் பிள்ளைகளுக்கு, அதையே சொந்தப் படலையில் ஆண்டு முழுவதும் செய்யப் பழக்குவது கடினமான காரியமன்று.

பெறுகிறவரின் நிலையறிந்து செய்வது எப்படி இருக்கும் என்பதை நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மூதாட்டியிடம் கண்டேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, போர் நெருங்கி வந்தபோது, எங்கள் ஊர் அடங்கிய வலிகாமப் பகுதியை விட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்த பின்பு, இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி உருட்டியபடி, ஓர் அடி வைக்க நெடுநேரம் நின்று, நானும் பெற்றோரும் அக்காவும் விடிந்த பிறகு பாலத்துக்கு அப்பால் உள்ள தென்மராட்சிக்குள் போய்ச் சேர்ந்தோம். சாவகச்சேரிக்கு அருகில் அறிமுகமே இல்லாத ஒரு வீட்டின் முன்னால் நாங்கள் நின்றபோது, அங்கிருந்த ஆச்சி சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அக்காவையும் என்னையும் பார்த்து, "பிள்ளையள், முதல்ல கிணத்தடிக்குப் போய்க் கால்முகம் கழுவுங்கோ. பின்பக்கம் கக்கூசு இருக்கு. வெக்கப்படாதேங்கோ" என்றார். இரவு முழுவதும் அத்தனை சனத்துக்கு நடுவே நின்ற பெண்பிள்ளைகளுக்கு என்ன தேவையாக இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிறகு விறாந்தையின் ஒரு மூலையில் பழைய சேலையைக் குறுக்கே கட்டி, உடுப்பு மாற்ற மறைப்பு உண்டாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கஞ்சி வந்தது. அந்த வீட்டில் எங்களுக்கு முன்பே வேறு குடும்பங்கள் வந்திருந்தன; எங்களுக்குப் பின்னும் வந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் அதே வரிசையில்தான் செய்தார்.

வெள்ளமோ வேறு அனர்த்தமோ வந்து மக்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்குகிற ஒவ்வொரு முறையும், அந்த ஆச்சியின் வரிசையைத்தான் நான் எங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சோற்றுப் பொதி கொண்டு வருவதற்கு ஆட்கள் நிறைய வருவார்கள். முதல் நாள் பொதி மிஞ்சிப் புளித்துப் போகும். வாளி, கோப்பை, சவர்க்காரம், மறைப்புக்குத் துணி, பெண்களுக்கு மாதவிடாய்த் துணி அல்லது நப்கின், குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கக் கொதித்தாறிய தண்ணீர், முதியவர்களின் மருந்து ஆகியவற்றைக் கொண்டு வருகிறவர்கள் குறைவு. என்ன வேண்டும் என்று ஆண்களிடம் மட்டும் கேட்டால் அரிசியும் பருப்பும் என்றுதான் சொல்வார்கள். ஒரு பெண் போய்ப் பெண்களிடம் தனியே கேட்க வேண்டும்.

வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் அப்பா செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பசுவின் கழுத்துக் கயிற்றை முற்றாகக் கழற்றினார்; கன்றையும் அவிழ்த்தார்; நாயின் சங்கிலியை நீக்கிப் படலையைத் திறந்துவைத்தார்; இருந்த தவிட்டையும் பிண்ணாக்கையும் தொட்டியில் கொட்டினார். கயிற்றை அறுத்துவிட்டு மிச்சத்தைக் கழுத்தில் தொங்கவிட்டால் அது வேலியிலோ பற்றையிலோ சிக்கி மாட்டைக் கொன்றுவிடும் என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. 1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது அவற்றில் ஒன்றும் வளவில் இல்லை. கட்டிய நிலையில் இறந்துகிடந்த மாடுகளின் எலும்புகளை வேறு வீடுகளில் கண்டபோது, அப்பாவின் அந்தச் சில நிமிடங்களின் பெறுமதி எனக்கு விளங்கியது. அனர்த்த காலத்தில் விலங்கைக் கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டால், கட்டை முழுதாகக் கழற்றி, கதவைத் திறந்துவைத்து, மேடான இடம் இருந்தால் அப்பக்கம் துரத்திவிட வேண்டும்.

மாடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கு நாம் அன்பினாலேயே கேடு செய்கிறோம். எங்கள் ஒழுங்கையில் மாடில்லாத வீடுகளும் அரிசி களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் மரக்கறித் தோலையும் ஒரு பானையில் சேர்த்துவைத்து, மாடுள்ள வீட்டார் மாலையில் வந்து எடுத்துப்போவதற்கு விடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அது நல்ல வழக்கம். ஆனால் பட்டிப்பொங்கலன்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பங்குக்குப் பொங்கலை அள்ளி அள்ளி ஊட்டும்போது, வைக்கோலும் புல்லும் தின்று பழகிய மாட்டின் வயிற்றில் ஒரேயடியாகச் சோறு சேர்ந்து புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நின்று, இடப்பக்க விலா வீங்கி, மாடு படுத்துவிட்டால் உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும்; விடியட்டும் என்று காத்திருந்தால் பிழைக்காது. ஒரு கைப்பிடி பொங்கல் போதும். மிச்ச அன்பைப் பூவரசங் குழையாகவும் புல்லாகவும் காட்டலாம்.

கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைச் சொப்பின் பையில் முடிந்து சந்தியில் எறிவது இன்னொரு கேடு. மாட்டுக்குப் பையை அவிழ்க்கத் தெரியாது; பையோடு விழுங்கும். பொலித்தீன் செரிக்காமல் முதல் இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, கடைசியில் தீனுக்கே இடமில்லாமல் மாடு வயிறு பெருத்து உடல் வற்றிச் சாகும். மிச்சத்தை எறியத்தான் வேண்டுமென்றால் வாழையிலையில் போடுங்கள்; இலையையும் சேர்த்தே மாடு தின்னும்.

2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்தபோது வீசிய குளிர்காற்றிலும் தூறலிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. பெரும்பாலானவை வெட்டையில் நனைந்தபடி, வயிற்றில் போதிய தீன் இல்லாமல் நின்றவை. எங்கள் சூட்டுக்குப் பழகிய மாட்டுக்கு ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்வதுதான் எமன். அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் மாடுள்ள வீடுகளில் எல்லோரும் சேர்ந்து, காற்று வரும் பக்கத்தைத் தறப்பாளாலும் கிடுகாலும் அடைத்தோம். நிலத்தில் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினோம். கன்றுகளின் முதுகில் சாக்கைக் கட்டினோம். வைக்கோல் இல்லாத வீட்டுக்கு இருந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். அசைபோட வயிற்றில் தீன் இருந்தால்தான் மாட்டுக்கு உள்ளிருந்து சூடு பிறக்கும் என்பதால், போர்வையைவிட வைக்கோலே பெரிய உதவியாக இருந்தது. அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு கொட்டிலிலும் சுருட்டிய தறப்பாள் ஒன்று இருக்க வேண்டும் என்று அன்றே பேசிக்கொண்டோம். இப்போது இருக்கிறது.

நாய்கள் விடயத்தில் எங்கள் ஊரின் மிகப் பெரிய கொடுமை, பெட்டைக் குட்டிகளை உரப் பையில் போட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவிட்டுப் போவதாகும். கண் திறந்து சில நாளேயான குட்டிகளைக்கூட விடுகிறார்கள். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006இல் நிறுத்தியது நல்லதே. ஆனால் கருத்தடையும் தடுப்பூசியும் அதற்கு ஈடாகச் செய்யப்பட்டால்தான் அந்த முடிவு முழுமையடையும். ஆண்டுதோறும் அரசு இலவசமாகப் போடுகிற விசர்நாய்த் தடுப்பூசிக்கு வளர்ப்பு நாயோடு, படலையடியில் படுக்கும் உரிமையாளரில்லாத நாயையும் கூட்டிப்போங்கள். உணவு வைக்கிறவரின் கைக்குத்தான் அது வரும். வேறு யாராலும் அதைப் பிடிக்க முடியாது. கருத்தடை சிகிச்சைக்கு ஒழுங்கையில் உள்ள வீடுகள் பணம் சேர்த்தால் பாரம் தெரியாது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்துகிற நாய்கள் சரணாலயம் போன்ற இடங்கள் இருக்கின்றன என்பதற்காக எல்லாக் குட்டிகளையும் அங்கே கொண்டுபோய் நிரப்புவது அறமாகாது. முடிந்தால் அவர்களுக்கு அரிசியோ மருந்தோ பணமோ கொடுக்கலாம்.

நாய் கடித்தால், பிறாண்டினால்கூட, காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளோ கோப்பித்தூளோ வைத்துக் கட்டக்கூடாது. நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாட்கள் கவனிப்பதே வைத்தியருக்கும் உதவும், நாய்க்கும் நீதியாகும். தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர்கள் வீதி விளிம்பில் வைக்காமல் வளவோரத்தில், தினமும் ஒரே நேரத்தில் வைத்தால், அது வாகனத்தில் அடிபடுவதும் பிள்ளைகளைத் துரத்துவதும் குறையும்.

பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கும் வழக்கத்தை எங்கே கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு வில்லையே அதைக் கொல்லப் போதும். கூட்டிலிருந்து விழுந்த பறவைக்குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால், அது பறக்கப் பழகுகிற குஞ்சு. தாய் அருகில் எங்கேயோதான் இருக்கும். நாயும் பூனையும் எட்டாத கொப்பில் ஏற்றிவைத்துவிட்டு விலகி நின்று பார்த்தால் தாய் வருவது தெரியும். குஞ்சின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சாரைப்பாம்பைக் கண்டதும் தடியெடுக்கும் வழக்கமும் விடத்தக்கதே. எலியைத் தின்னும் அந்தப் பாம்புக்கு விஷம் இல்லை.

மனிதரிடம் திரும்புகிறேன். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே வாழும் முதியவர்கள் எங்கள் பகுதியில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் வருகிறது. அவர்களிடம் இல்லாதவை பணத்தால் வாங்க முடியாதவையே. எங்கள் அயலில் இருக்கும் ஓர் ஆச்சி, போதனா வைத்தியசாலையிலிருந்து வந்த ஒரு பிற்பகல், என்னைக் கூப்பிட்டு, "மோனை, இந்தக் கொப்பியில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கிளினிக் கொப்பியை நீட்டினார். இரண்டு குளிசைகள் மாற்றப்பட்டிருந்தன. பழையவற்றையும் சேர்த்து அவர் விழுங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கிளினிக் நாள் மாலையில் நானோ என் மகளோ போய், நிறுத்திய மருந்துகளை வேறாக்கி, காலை, மதியம், இரவு என்று தனித்தனி உறைகளில் போட்டு, உறையின் மேல் சூரியன், சோற்றுக் கோப்பை, நிலவு ஆகிய படங்களை வரைந்துவிட்டு வருகிறோம். எழுத்து மங்கலாகத் தெரிகிறவருக்குப் படம் தெரியும். இது பத்து நிமிட வேலை. ஆச்சி தேநீர் தராமல் விடமாட்டார், அதை மறுக்கக்கூடாது. வாங்குகிறவராகவே இருக்க அவருக்கும் விருப்பமில்லை.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் வெள்ளைப் பிரம்போடு நிற்கிறவரின் கையைப் பிடித்து இழுக்காமல், வந்து நிற்கிற பேருந்தின் பெயர்ப் பலகையைச் சத்தமாக வாசித்துச் சொன்னாலே போதும். அவர் உதவி கேட்டால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். பார்வையற்றோரும் செவிப்புலனற்றோரும் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை மாணவர்களோடு பழகியவர்கள் இதை எளிதில் கற்றுக்கொள்வார்கள். வீதி விபத்தில் ஒருவர் கிடந்தால் 1990 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். 2018 ஜூலை முதல் வடக்கிலும் ஓடுகிற அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. அவசரத்தில் அவரை ஓட்டோவில் மடித்துத் திணிப்பதால் முள்ளந்தண்டு மேலும் பாதிக்கப்படலாம். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. இரத்தம் கொடுப்பதை நான் வலியுறுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். 18 முதல் 60 வயதுவரை உடல்நலமுள்ளவர்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். திருவிழாவும் விடுமுறையும் வருகிற காலத்தில் கொடுப்பவர்கள் குறைவதால் அப்போது போவது கூடுதல் பயனுள்ளது.

வறுமையில் உள்ள குடும்பத்துக்கு உதவுவதில்தான் நாம் அதிகம் புண்படுத்துகிறோம். பாடசாலை மண்டபத்தில் மேடையேற்றி, சப்பாத்தும் கொப்பியும் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை நான் பல ஆண்டுகளாக எதிர்த்துவருகிறேன். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் யாரோடு தலைநிமிர்ந்து பேசும்? 2022இல் சாமான்களின் விலை ஏறி, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தில், எங்கள் ஒழுங்கைக் கடைக்காரரிடம் சில வீட்டார் தனித்தனியே போய், கடன் கொப்பியில் இன்னார் பெயரில் உள்ள தொகையில் இவ்வளவைக் கழித்துவிடுங்கள் என்று சொல்லிப் பணம் கொடுத்தார்கள். கடைக்காரர் யார் பெயரையும் சொல்லவில்லை. "கணக்குப் பார்த்தனான் அக்கா, மிச்சம் இவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார். மீண்டும் கடனுக்குச் சாமான் வாங்க அந்தத் தாய்மார் கூசாமல் வந்தார்கள். பள்ளிப்பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவதென்றால், கால் அளவைத் தாயிடம் தனியே கேட்டு, பணத்தைத் தாயிடமே கொடுத்து, அம்மா வாங்கித் தந்தது என்று பிள்ளை அணியும்படி செய்யலாம்.

கடைசியாக, செத்தவீடு. எங்கள் ஊரில் சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர்கள் தேநீரும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பந்தல் போடவும் கதிரை எடுக்கவும் இளைஞர்கள் கேளாமலே வருவார்கள். அந்தக் கூட்டத்தில் எவர் நினைவுக்கும் வராதது அந்த வீட்டு மாடும் நாயும்தான். பறைச் சத்தத்திலும் அழுகையிலும் மிரண்டு, தண்ணீர்கூட இல்லாமல் பின்வளவில் கட்டியபடி நிற்கும். எங்கள் ஒழுங்கையில் இப்போது சாவு என்று கேள்விப்பட்டவுடன் ஒரு வீட்டார் மாட்டைத் தங்கள் வளவுக்கு ஓட்டிப்போகிறார்கள், இன்னொருவர் நாயை. வைத்தியசாலையில் ஒருவர் திடீரென அனுமதிக்கப்பட்டாலும் அப்படியே. "மாட்டுக்கு ஆர் வைக்கோல் போடுறது" என்ற கவலையில் கட்டிலிலிருந்து எழுந்து வீட்டுக்கு வர நின்ற நோயாளியை நான் அறிவேன்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடிந்ததும் உறவினர்கள் போய்விடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் விமானம் ஏறிவிடுவார்கள். தனித்துப்போன கணவருக்கோ மனைவிக்கோ அதற்குப் பிறகு வருகிற மாதங்கள்தான் பாரமானவை. அப்போது போக வேண்டும். ஆறுதல் வார்த்தைகள் தேட வேண்டியதில்லை. மின்சாரப் பட்டியல் எங்கே, யார் பெயரில் இருக்கிறது, எரிவாயுச் சிலிண்டரை மாற்றத் தெரியுமா, வங்கிப் புத்தகத்தில் கையெழுத்து யாருடையது, ஓய்வூதிய மாற்றத்துக்குக் கிராம அலுவலரிடம் போனதா என்று கேட்டு, இறந்தவர் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்கலாம். மாடு இருந்தால் பால் கறக்கக் கற்றுக்கொடுக்கலாம். எங்கள் அயலில் மனைவியை இழந்த ஓர் ஐயா, அறுபது வயதுக்கு மேல், என் அம்மாவிடம் முதன்முறையாகப் பால் கறக்கப் பழகினார். பசு முதலில் உதைத்தது. இறந்த மனைவியின் பழைய சேலையை அவர் தோளில் போட்டுக்கொண்டு இருக்கச் சொன்னார் என் அம்மா. அந்த மணத்துக்குப் பசு நின்றது. இப்போது அவர் எங்கள் வீட்டுக்கும் காலையில் பால் கொண்டுவந்து தருகிறார்.